ஒட்டுண்ணிக் குளவியை வயலில் விடலாமா? பாதுகாப்பை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது 2020இல், கேரளத்தின் திருச்சூரில். கொஞ்ச நாளிலேயே அது சேலம், நாமக்கல் பக்கம் வந்துவிட்டது. குச்சிக்கிழங்குத் தோட்டங்களில் நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் மறந்திருக்காது. ஆகஸ்ட் 2021இல் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து, அந்த மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியே விடப்பட்டது மார்ச் 2022இல்.

இடையில் ஏழு மாதம். பூச்சி தோட்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது எதற்கு ஏழு மாதம் என்று கேட்கத் தோன்றும். அந்த மாதிரி இடைவெளியில் என்னென்ன பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட்டால் எப்படிக் கையைச் சுடும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வேளாண் படிக்கிறவர்கள், ஒட்டுண்ணி வளர்ப்புக் கூடம் வைத்திருப்பவர்கள், உழவர் குழுவில் "இதை வாங்கி விடலாமா" என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், மூன்று பேருக்கும் இது உதவும்.

முதலில் எல்லோரும் கேட்கிற மூன்று கேள்விகளை முடித்துவிடுகிறேன். மனிதர்களைக் கொட்டுமா? அனகைரஸ் மாதிரிக் குளவிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதன் ஊசி மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்க உருவானது, நம்மை ஒன்றும் செய்யாது. பயிரைத் தின்னுமா? குஞ்சு வளர்வது பூச்சியின் உடம்புக்குள், வளர்ந்த குளவி குடிப்பது தேனும் பூச்சியின் உடல்நீரும். தேனீயைக் கொல்லுமா? அதற்குத் தேனீ இரையே கிடையாது. ஆனால் உண்மையான ஆபத்து இந்த மூன்றிலும் இல்லை என்பதால், இவற்றுக்குப் பதில் கிடைத்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. நாம் குறிவைக்காத வேறொரு பூச்சியை, அதுவும் யாரும் பேர்கூட வைக்காத ஒரு காட்டுப் பூச்சியை, இந்தக் குளவி தேடிப் போகுமா என்பதுதான் கேள்வி. மருந்தடித்தால் சில வாரத்தில் வீரியம் போய்விடும். குளவி பெருகிக்கொண்டே போகும், திரும்பப் பிடித்து டப்பாவில் அடைக்க முடியாது.

படி 1: பூச்சி யார், குளவி யார்?

இதை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1970களில் இதே மாவுப்பூச்சி அங்கே புகுந்து மரவள்ளியை அழித்தது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா என்பதால் அங்கே போய்த் தேடினார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் அச்சாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. கொண்டுவந்து பார்த்தால் ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை பெருகவே இல்லை. ஏனென்றால் அது வேறு இனம். ஒன்று மஞ்சள் நிறம், ஆண் பெண் இரண்டும் உண்டு. நமக்கு வேண்டியது இளஞ்சிவப்பு, பெண்கள் மட்டுமே இருந்து ஆண் இல்லாமலே இனம் பெருக்குவது. சரியான பூச்சி 1981இல்தான் பராகுவேயில் கிடைத்தது, கூடவே அனகைரஸ் லோபெசியும். இங்கிலாந்தில் தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்து, நைஜீரியாவுக்கு அனுப்பி, அந்த ஆண்டு முடிவதற்குள் விட்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதனால் பூச்சி, குளவி இரண்டையும் வகைப்பாடு தெரிந்தவரிடம் காட்டுங்கள், இனத்தை மரபணுவால் அடையாளம் காட்டும் டிஎன்ஏ பார்கோடும் எடுங்கள், மாதிரிகளைச் சாராயத்தில் போட்டு இடம், தேதி எழுதி ஒரு அருங்காட்சியகச் சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள். இருபது வருடம் கழித்து "அப்போது விட்டது இதுதானா" என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அந்தக் குப்பிதான் இருக்கும்.

இனம் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த வம்சம் என்றும் தெரிய வேண்டும். நியூசிலாந்தில் 1982இல் குதிரைமசால் கூன்வண்டுக்காக மைக்ரோக்டோனஸ் ஏத்தியோபாய்டஸ் என்ற குளவியின் மொராக்கோ வம்சத்தை விட்டார்கள். பின்னால் இன்னொரு கூன்வண்டு க்ளோவர் புல்லைத் தாக்கியபோது அந்த வம்சம் அதற்குப் பயன்படவில்லை. ஐரோப்பாவிலிருந்து அதே இனத்தின் வேறு வம்சத்தைக் கொண்டுவரலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கும் மொராக்கோ வம்சத்தோடு கலந்தால் பிறக்கும் கலப்பு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆண் சேர்க்கை இல்லாமலே இனம் பெருக்கும் அயர்லாந்து வம்சத்தைத் தேர்ந்தெடுத்துச் சோதித்து 2006இல் விட்டார்கள். கலப்புக்கு வழியே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

படி 2: அனுமதியும் தனிமைக் கூடமும்

வெளிநாட்டுக் குளவி என்றால் பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. 2003ஆம் ஆண்டின் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணைப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும், அந்தப் பூச்சிக்குத் தாயகமான நாட்டின் சம்மதமும் வேண்டும். உள்ளூர்க் குளவியை வளர்த்து விடுகிறீர்கள் என்றால் இந்த இறக்குமதி வேலை இல்லை, ஆனால் அடுத்த வரி உங்களுக்கும் பொருந்தும்.

வந்த முதல் தலைமுறையை ஒருபோதும் வெளியே விடாதீர்கள். குறைந்தது ஒரு தலைமுறையாவது உள்ளேயே வளர்த்து, கூட வந்த செடி, மண், பழைய பூச்சி எல்லாவற்றையும் கொன்று அழித்துவிட வேண்டும். ஏனென்றால் ஒட்டுண்ணிக்கும் ஒட்டுண்ணி உண்டு. மாணவனாக இருந்தபோது நான் போய்ப் பழகிய ஒரு வளர்ப்புக் கூடத்தில், பரங்கிக்காய் மேல் மாவுப்பூச்சி வளர்த்துக் குளவி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கூண்டில் வழக்கமான குளவிக்குப் பதிலாகக் கறுப்பாக, தட்டையாக வேறொன்று மொய்த்தது. கார்டோசெரஸ். அது நம் குளவியின் குஞ்சுக்குள் முட்டையிடுவது. உள்ளே குளவிக் குஞ்சு வளர, செத்து இறுகிக் கூடாகிப்போன மாவுப்பூச்சியை மம்மி என்போம். எல்லாம் மம்மியாகிவிட்டது, வேலை நன்றாக நடக்கிறது என்று மம்மிகளை எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம், பாதிக்கு மேல் அதன் கைக்குப் போயிருந்தது. கூண்டு கூண்டாகக் கொதிநீரில் போட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மம்மியையும் தனித்தனிக் குப்பியில் வைத்து, வெளியே வந்த குளவியைப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்ப்பது என் பழக்கம். சோம்பலாக இருந்தாலும் செய்யுங்கள்.

கூடத்தில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டிரைக்கோகிரம்மா என்பது அந்துப்பூச்சி முட்டைக்குள் வளரும் குளவி, அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டித்தான் அதை விற்பார்கள். அட்டைக்கு முட்டை வேண்டும் என்பதற்காகக் கார்சைரா அந்துப்பூச்சியை ஆயிரக்கணக்கில் வளர்ப்பார்கள். அதன் இறகுச் செதில் காற்றில் பறந்து மூச்சுக்குள் போய் ஒவ்வாமை, இழுப்பு வரை கொண்டுபோகும். குளவியால் வராத தொல்லை அந்துப்பூச்சியால் வருகிறது. முகக்கவசமும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் கட்டாயம்.

படி 3: யாரையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று பட்டியல் போடுங்கள்

உலகத்தில் உள்ள எல்லாப் பூச்சியோடும் சோதிக்க முடியாது. பத்து, பதினைந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் மொத்த மதிப்பீடும் நிற்கிறது, அதனால் இந்தப் பட்டியலுக்கு ஒரு வாரம் உட்கார்ந்தாலும் தப்பில்லை.

மூன்று பக்கத்திலிருந்து யோசியுங்கள். ஒன்று, உறவு. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு நெருங்கிய சொந்தம் அதே பேரினத்தைச் சேர்ந்த பருத்தி மாவுப்பூச்சி. அப்புறம் பப்பாளி மாவுப்பூச்சி, வால் மாவுப்பூச்சி. இரண்டு, வாழும் இடம். அதே குச்சிக்கிழங்குச் செடியில், வரப்பில், பக்கத்துக் காட்டில், ஏறக்குறைய அதே அளவில், அதே பருவத்தில் இருக்கும் மற்ற சாறுறிஞ்சிகள். மூன்று, நமக்கு வேண்டப்பட்டவை. இதில் மாவுப்பூச்சி என்றால் நம் ஊரில் யோசிக்க நிறைய இருக்கிறது. அரக்குப் பூச்சி மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம், அதை வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தியாவில் உண்டு. சப்பாத்திக்கள்ளியை அடக்கி வைத்திருக்கும் கொச்சினீல் பூச்சியும் அதே வகையறாதான், அதை ஒரு குளவி தின்னத் தொடங்கினால் கள்ளி திரும்பவும் காடாகிவிடும். மாவுப்பூச்சியையே தின்று வளரும் ஸ்பால்ஜிஸ் வண்ணத்துப்பூச்சியின் புழு, பொறிவண்டுகள் ஆகியவற்றையும் சேருங்கள். பட்டுப்புழுவையும் சேருங்கள். அறிவியல்படி வாய்ப்பே இல்லாவிட்டாலும், மல்பெரி வைத்திருக்கும் விவசாயி அதைத்தான் முதலில் கேட்பார், அவருக்குச் சோதித்த பதில் கொடுப்பது நம் கடமை.

இந்த இடத்தில் ஒரு பொது விதி உதவும். பூச்சியை உடனே செயலிழக்கச் செய்துவிட்டு வெளியிலிருந்து தின்னும் குளவிகள் பொதுவாகப் பலதரப்பட்ட இரையை ஏற்கும். உயிரோடு இருக்கும் பூச்சிக்குள்ளேயே அதன் வளர்ச்சியோடு சேர்ந்து வளரும் குளவிகளுக்கு அந்தப் பூச்சியின் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்றத் தெரிய வேண்டும். பொருந்தாத பூச்சிக்குள் முட்டை வைத்தால் அதன் இரத்த அணுக்கள் முட்டையைச் சுற்றிக் கூடு கட்டி மூச்சடைக்க வைத்துவிடும். அதனால் இரண்டாவது வகைக்கு இரை வட்டம் சிறியது. அனகைரஸ் இரண்டாவது வகை. டிரைக்கோகிரம்மாவோ முட்டைக்குள் வளர்வது, முட்டைக்கு அவ்வளவு எதிர்ப்பு கிடையாது, அதனால் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி முட்டை பலவற்றையும் ஏற்கும்.

படி 4: சோதனை

அடிப்படை இதுதான். இணை சேர்ந்த, இரண்டு மூன்று நாள் வயதான, இதுவரை எந்தப் பூச்சியிலும் முட்டையிடாத ஒரு பெண் குளவியை, பட்டியலில் உள்ள ஒரு பூச்சியில் இருபதோடு 24 மணி நேரம் விடுங்கள். வேறு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. குறைந்தது முப்பது முறை செய்யுங்கள். அதே நாளில், அதே கூட்டத்துக் குளவியை அது வழக்கமாக முட்டையிடும் மாவுப்பூச்சியோடும் விடுங்கள். குளவியே இல்லாத ஒரு தொகுதியும் வேண்டும். இந்த இரண்டு ஒப்பீடும் இல்லாத சோதனையை நான் நம்பமாட்டேன். வழக்கமான இரையிலேயே முட்டையிடாத குளவி, வேறு பூச்சியைத் தொடவில்லை என்பதற்கு என்ன அர்த்தம்? அன்றைக்கு அதற்கு உடம்பு சரியில்லை என்பதுதான்.

எண்ணும்போது மம்மியை மட்டும் எண்ணாதீர்கள். அனகைரஸ் பெண் சில மாவுப்பூச்சிகளைக் குத்தி உடல்நீரைக் குடிக்கும், சிலவற்றைக் குத்திவிட்டு முட்டை வைக்காமலே போய்விடும். இரண்டிலும் பூச்சி சாகலாம், மம்மி வராது. குளவி இல்லாத தொகுதியில் இரண்டு செத்து, குளவி இருந்த தொகுதியில் எட்டு செத்திருந்தால், குளவி வெளிவராவிட்டாலும் அந்தப் பூச்சிக்குப் பாதிப்பு உண்டு. சிலவற்றைக் கீறிப் பார்த்து உள்ளே முட்டை இருக்கிறதா, மூச்சடைத்துக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். குளவி வெளிவந்தால் அதை அடுத்த தலைமுறைக்கு வளர்த்துப் பாருங்கள், நோஞ்சானாக ஆண் மட்டுமே வருகிறதா, இல்லை பெருகும் பெண்கள் வருகிறதா என்பது பெரிய வித்தியாசம்.

இன்னொன்று, பூஜ்ஜியத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முப்பது முறை சோதித்து ஒருமுறைகூடத் தாக்கவில்லை என்றால், உண்மையான தாக்குதல் விகிதம் கிட்டத்தட்ட 10 சதவீதம் வரை இருந்தும் நம் கண்ணில் படாமல் போயிருக்கலாம். முந்நூறு முறை செய்து பூஜ்ஜியம் வந்தால்தான் 1 சதவீதத்துக்குள் என்று நம்பிக்கையாகச் சொல்லலாம். மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் வரம்பு தோராயமாகக் கிடைக்கும். அரிய பூச்சி, காப்பாற்றியே ஆக வேண்டிய பூச்சி என்றால் முப்பதோடு நிறுத்தாதீர்கள்.

இந்தச் சோதனையில் தாக்கினால் உடனே குளவியை ஒதுக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. சின்ன டப்பாவுக்குள் வேறு வழியில்லாமல் குத்துவது வேறு, வயலில் தேடிப் போய்க் குத்துவது வேறு. அனகைரஸ் மாவுப்பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடியின் வாசனையைப் பிடித்துத்தான் வருகிறது. டப்பாவில் அது குத்திய பூச்சி வயலில் வேறொரு செடியில், காட்டுக்குள் இருந்தால் இரண்டும் சந்திக்காமலே போகலாம். அதனால் அடுத்து இரண்டு பூச்சியையும் சேர்த்து வைத்துத் தேர்வு செய்ய விடுங்கள், அப்புறம் பெரிய கூண்டில் முழுச் செடிகளோடு செய்யுங்கள்.

ஆனால் தேர்வுச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. பிடித்த இரை பக்கத்திலேயே இருந்தால் குளவி மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வயலில் எப்போதும் அப்படியா? வெயில் காலத்தில் மாவுப்பூச்சி பெருகும், கூடவே குளவியும் பெருகும். மழை அடித்து மாவுப்பூச்சி சரிந்த வாரத்தில் வயிற்றில் முட்டையோடு எத்தனை குளவிகள் இரை தேடி அலையும் என்று யோசியுங்கள். அந்த நிலைமைக்கு ஒரு சோதனை வேண்டும்: முதல் நாள் பிடித்த இரை, அடுத்த நாள் மற்ற பூச்சி மட்டும். இதைச் செய்யாமல் தந்த பாதுகாப்புச் சான்றை நான் பாதிச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இவ்வளவும் வீண் வேலை இல்லை என்பதற்கு நியூசிலாந்தே சாட்சி. மேலே சொன்ன மொராக்கோ குளவி போதுமான சோதனை இல்லாமல் விடப்பட்டது. பின்னால் அந்நாட்டுக்கே உரிய கூன்வண்டுகளைத் தாக்கியது, களையை அடக்கக் கொண்டுவந்த இன்னொரு கூன்வண்டையும் தாக்கியது. அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு குளவியை 1991இல் முறையாகச் சோதித்து விட்டார்கள், அது பெரும்பாலும் தன் இரையோடு நின்றுகொண்டது. மொராக்கோ குளவியைப் பிறகு ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, வயலில் செய்ததை அங்கேயும் செய்தது. முன்பே சோதித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

படி 5: நிலைத்து நிற்குமா, எவ்வளவு தூரம் போகும், வேறு யாரைத் தள்ளும்?

அட்டையில் வாங்கி விடும் டிரைக்கோகிரம்மாவைப் பருவத்துக்குப் பருவம் திரும்ப விடுகிறோம். இதில் அந்த வட்டாரத்து இனத்தையே வாங்குவதும், எவ்வளவு விடுகிறோம் என்பதும் முக்கியம். சுவிட்சர்லாந்தில் மக்காச்சோளத்துக்கு விட்ட டிரைக்கோகிரம்மா பிராசிகே ஆய்வகத்தில் பல வண்ணத்துப்பூச்சி முட்டைகளை ஏற்றது, வயலுக்கு வெளியே புல்வெளியில் பார்த்தபோது தேடும் திறமை மிகக் குறைவாக இருந்ததால் ஆபத்து சிறியது என்று முடிவுக்கு வந்தார்கள். அனகைரஸ் மாதிரி நிரந்தரமாகத் தங்க விடும் குளவிக்கு இந்தச் சலுகை கிடையாது. நைஜீரியாவில் இரண்டாவது வறட்சிப் பருவம் முடிவதற்குள் அது விட்ட இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் போயிருந்தது. ஏத்தாப்பூரில் விட்டால் ஏத்தாப்பூரில் நிற்கும் என்று நினைக்க முடியாது, கல்வராயன் மலை, கொல்லிமலை எல்லாம் சேர்த்துத்தான் பட்டியல் போட்டிருக்க வேண்டும்.

ஹவாயில் காவாய் தீவின் மலை உச்சிச் சதுப்புக் காட்டில், எந்தப் பயிரும் இல்லாத இடத்தில், உள்ளூர் அந்துப்பூச்சிகளிலிருந்து வெளிவந்த ஒட்டுண்ணிகளை எண்ணி 2001இல் வெளியிட்டார்கள். 83 சதவீதம், என்றைக்கோ பயிருக்காகக் கொண்டுவந்து விட்டவை. எல்லாமே 1945க்கு முன், சோதனை என்ற பழக்கமே இல்லாத காலத்தில் விட்டவை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

படி 6: மதிப்பெண், முடிவு

2003இல் யோப் வான் லென்டரனும் மற்றவர்களும் ஒரு கணக்கு முறை தந்தார்கள். நிலைத்தல், பரவல், இரை வட்டம், நேரடிப் பாதிப்பு, மறைமுகப் பாதிப்பு என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் நடக்கும் வாய்ப்பை 1 முதல் 5, நடந்தால் வரும் அளவை 1 முதல் 5 என்று போட்டுப் பெருக்கிக் கூட்டினால் 5 முதல் 125 வரை ஒரு எண் வரும். எண்ணைப் பார்த்ததும் தெளிவாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் இரை வட்டத்தில் மிக மோசமாக இருக்கும் குளவி, மற்ற நான்கிலும் குறைவாக வாங்கி மொத்தத்தில் தப்பித்துவிடலாம். பிறகு அவர்களே படிப்படியான முறைக்கு மாறினார்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் தொடரலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுத்துவிட்டே அடுத்ததற்குப் போவது. அதையே செய்யுங்கள்.

முடிவெடுக்கும் மேசையில் இன்னொரு தாளும் இருக்க வேண்டும்: குளவியை விடாவிட்டால் என்ன நடக்கும்? பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் தென்பட்டபோது விவசாயிகள் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த மாவுப்பூச்சி தப்பியது, பொறிவண்டு செத்தது. மல்பெரியிலோ மருந்தடித்தால் பட்டுப்புழுவுக்கே விஷம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோஃபேகஸ் பப்பாயே முதலான மூன்று குளவிகளில் அசெரோஃபேகஸ் சில மாதங்களில் அதை அடக்கியது. குளவியை வேண்டாம் என்று சொல்வதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையையும் அதே கண்டிப்போடு எழுதிப் பாருங்கள்.

படி 7: விடுவதற்கு முன்னும் பின்னும் வயலைப் பாருங்கள்

விடும் முன் ஒரு பருவமாவது, விடப்போகும் தோட்டத்திலும் சுற்றுப்புறக் காட்டிலும் என்னென்ன மாவுப்பூச்சி, எவ்வளவு, அதில் ஏற்கெனவே எந்த ஒட்டுண்ணி என்று எழுதி வையுங்கள். பொள்ளாச்சித் தென்னையில் 2016இல் சுருள் வெள்ளை ஈ வந்தபோது என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி யாரும் கொண்டுவராமலே அதனோடு இருந்தது. அங்கே செய்யவேண்டியதெல்லாம் மருந்தடிக்காமல் அதை வாழவிடுவதுதான். முதலில் பார்த்துவிட்டால் புதிய குளவியே தேவைப்படாமல் போகலாம்.

விட்ட பின் இலக்குப் பூச்சி குறைந்ததா என்று மட்டும் பார்ப்பது நம் எல்லோருக்கும் இருக்கும் கெட்ட பழக்கம். பட்டியலில் இருந்த மற்ற பூச்சிகளையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முக்கியமாக மழைக்குப் பிந்தைய வாரங்களில் எடுங்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம். வரப்பில் உள்ள துத்தி, செம்பருத்தி, வேலியில் உள்ள கள்ளி ஆகியவற்றில் இருக்கும் மாவுப்பூச்சிக் கிளையை வெட்டி, காகிதப் பையில் போட்டு, செடி, இடம், தேதி எழுதி, நிழலில் மூன்று வாரம் வையுங்கள். வெளிவரும் குளவிகளைச் சாராயக் குப்பியில் போட்டு அருகிலுள்ள வேளாண் கல்லூரிப் பூச்சியியல் துறையில் கொடுங்கள். ஒன்றும் வெளிவராத பையையும் தூக்கிப் போடாமல், ஒன்றும் வரவில்லை என்று தேதியோடு எழுதி வையுங்கள்.